ஆப்பிரிக்கப் புகழ்ப்பாட்டைக் கேட்கக் கற்றுக்கொள்வது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நெல்சன் மண்டேலாவை எல்லோரும் ‘மடிபா’ என்று கூப்பிட்டதைக் கேட்டிருப்பீர்கள். ஏதோ செல்லப்பெயர் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். செல்லப்பெயர் இல்லை, குலப்பெயர். 18ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் தெம்பு மக்களை ஆண்ட மூதாதை ஒருவரின் பெயர் அது. ஒருவரை அப்படிக் கூப்பிட்டால் அவருக்கு முன்னால் வாழ்ந்து முடித்த அத்தனை பேரையும் சேர்த்துக் கூப்பிட்டதாகக் கணக்கு. ஆக, அந்தப் பெயரை வாயால் சொன்ன ஒவ்வொருவரும் ரொம்பச் சின்ன ஒரு புகழ்ப்பாட்டைப் பாடியிருக்கிறார்கள், தெரியாமலே.

ஆப்பிரிக்கப் புகழ்ப்பாட்டை முதல்முறை கேட்பவர்கள், யாரோ ஒரு பெரிய மனிதருக்கு முன்னால் நின்று ‘நீ நல்லவன், வல்லவன்’ என்று காசுக்காகச் சொல்வது என்று எடுத்துக்கொண்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டவன்தான். அப்புறம்தான் விளங்கியது, அங்கே நடப்பது பெயர் சொல்வது. ஊரறிய, உரக்க, மிச்சம் வைக்காமல். அப்படிச் சொன்னபின் அந்த ஆள் அந்தப் பெயருக்கு ஏற்றபடி நடந்தாக வேண்டும் என்ற நெருக்கடியும் கூடவே வந்துவிடும். கீழே உள்ள எட்டுப் படிகளும் இந்த ஒன்றைக் காதில் ஏற்றத்தான்.

படி 1: ‘ஆப்பிரிக்க’ என்ற சொல்லைக் கழற்றி வையுங்கள்

ஒரு கண்டம் முழுவதற்கும் ஒரு பாட்டு கிடையாது. முதலில் ஒரு மக்களைத் தேர்ந்தெடுங்கள். தென்னாப்பிரிக்காவின் ஜூலு, கோசா மக்களிடம் இது ‘இசிபோங்கோ’, சொல்பவர் ‘இம்போங்கி’. லெசோத்தோவில் ‘டித்தோகோ’. நைஜீரியாவின் தென்மேற்கில் யொரூபா மக்களுக்கு ‘ஒரிகி’, அதே நாட்டின் வடக்கில் ஹௌசா மக்களுக்கு ‘ரோக்கோ’. மாலி, கினி, காம்பியா பக்கம் மாண்டே மொழிகள் பேசுகிறவர்களிடம் ‘ஜெலி’ என்ற பரம்பரைப் பாடகர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த ‘கிரியோ’ என்ற பெயர்தான் வெளியே பிரபலம். ருவாண்டாவில் அரண்மனைப் பசுக்களுக்கே தனியாகப் புகழ்ப்பாட்டு உண்டு, நீண்ட கொம்புள்ள இன்யாம்போ பசுக்களைப் பேர் சொல்லிப் பாடுவார்கள்.

இதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் அதையே கேளுங்கள். எதைத் தொடுவது என்று என்னைக் கேட்டால், இசை பிடிக்கும் என்றால் மாண்டே, சொல் பிடிக்கும் என்றால் ஜூலு. யொரூபா இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அது ஆழம், காலை வைத்தால் லேசில் எடுக்க முடியாது.

இன்னொன்று. பாணர், மெய்க்கீர்த்தி என்று நம் சொற்களை ஒட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். முதல் மாதம் வேண்டாம். ஒட்டியவுடன் புரிந்துவிட்டது போலத் தோன்றும், அதற்குமேல் கேட்க மாட்டீர்கள்.

படி 2: பாடுபவர் யார் என்று முதலில் விசாரியுங்கள்

யாரைப் பற்றிய பாட்டு என்பது பிறகு. பாட யாருக்கு உரிமை என்பதில்தான் மக்களுக்கு மக்கள் மாறுபாடு.

மாண்டே மக்களிடம் ஜெலி என்பது பிறப்பால் வருவது. குயாத்தே, ஜபாத்தே, சிசோக்கோ போன்ற குடும்பப் பெயர்களைக் கேட்டாலே ஜெலி வழி என்று அங்கே ஊகித்துவிடுவார்கள். பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் பொது இடத்தில் பாடக் கூடாது. மாலியின் பேரரசை 13ஆம் நூற்றாண்டில் நிறுவிய சுஞ்சாட்டா கெய்ட்டாவின் குலப்பெயரைத் தாங்கிய பாடகர் சாலிஃப் கெய்ட்டா, பாட்டைத் தொழிலாக எடுத்தபோது வீட்டில் பெரிய மனவருத்தம் உண்டானது இதனால்தான். புகழப்பட வேண்டிய குலத்தில் பிறந்தவன் புகழ்பாடப் போகலாமா என்பதுதான் கேள்வி.

சுஞ்சாட்டாவின் ஜெலி பல்லா ஃபசேக்கே குயாத்தே. அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். எதிரி அரசன் சுமாவோரோ காந்தே, தன்னைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாத ஒரு பலஃபோனை வைத்திருந்தான் (மரக் கட்டைகளின் கீழே சுரைக்குடுக்கைகள் கட்டி, கோலால் தட்டி வாசிக்கும் கருவி). அவன் இல்லாத நேரத்தில் பல்லா அதை எடுத்து வாசித்துவிட்டார். கொல்ல வந்த அரசனுக்கு நின்ற இடத்திலேயே ஒரு புகழ்ப்பாட்டைக் கட்டிப் பாடினார், அவன் மனம் இளகி விட்டுவிட்டான். அந்தப் பலஃபோன்தான் இது என்று நம்பப்படும் சோஸ்ஸோ பலா, கினியில் நியாகசோலா என்ற ஊரில் குயாத்தே குடும்பத்தாரிடம் இன்றும் இருக்கிறது. யுனெஸ்கோ 2001இல் அதைச் சுற்றிய மரபை உலகப் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

தெற்கே போனால் கதை வேறு. இம்போங்கி ஆவதற்குக் குலம் தேவையில்லை, நாக்கு இருந்தால் போதும். யொரூபாவில் இரண்டும் கலந்திருக்கும்: மேளம் அடிப்பது ‘அயான்’ என்ற குடும்பங்களின் பரம்பரைத் தொழில், ஆனால் ஒரிகி சொல்வது வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை. காலையில் வணங்கும் பிள்ளைக்கு அம்மா அவனுடைய ஒரிகியைச் சொல்லி வாழ்த்துவாள்.

படி 3: பெயர்களைப் பொறுக்குங்கள்

முக்கியமான படி இது, இதற்கு மட்டும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்.

புகழ்ப்பாட்டில் கதை ஒழுங்காக, பிறந்தான் வளர்ந்தான் என்று வராது. பெயருக்குமேல் பெயர், அடைமொழிக்குமேல் அடைமொழி என்று அடுக்கிக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சம்பவம் மடித்து வைக்கப்பட்டிருக்கும், பிரித்துக் காட்ட மாட்டார்கள். ஊர்க்காரருக்குத் தெரியும், தெரியாதவன் விசாரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூலு அரசன் ஷாக்காவின் (இறந்தது 1828) இசிபோங்கோவை எடுத்துக்கொள்வோம். ‘நோடுமெஹ்லேசி’ என்று ஒரு பெயர் வரும். உட்கார்ந்த இடத்திலிருந்தே இடியாய் முழங்குபவன் என்று பொருள். எழுந்து நிற்கக்கூட வேண்டாம் என்கிற அந்த அலட்சியத்தைக் கவனியுங்கள். இன்னொரு இடத்தில் அவன் பெயரையும் ‘அடித்தல்’ என்ற வினைச்சொல்லையும் உரச வைத்து, அடித்தும் அடிபடாதவன் என்று வரும். வீரனைச் சிங்கம் புலி என்பது எல்லா ஊரிலும் உண்டு, ஷாக்கா மரபில் அதுவும் ஏராளம். ஆனால் பெயரையே வினைச்சொல்லோடு உரசியவன் யோசித்திருக்கிறான்.

லெசோத்தோவின் நிறுவனர் மொஷ்வேஷ்வே விஷயம் இதைவிட வேடிக்கை. பிறந்தபோது வைத்த பெயர் லெப்போக்கோ. இளவயதில் ரமோனஹெங் என்ற தலைவரின் மாடுகளைக் கவர்ந்து வந்துவிட்டு, அவருடைய தாடியை மழித்த சவரக்கத்தி நான் என்று தன்னைத்தானே பாடிக்கொண்டார். கத்தி முகத்தில் போகும் ‘ஷ்வே ஷ்வே’ சத்தம்தான் பெயராக ஒட்டிக்கொண்டது. ஒரு நாட்டையே கட்டியவரின் பெயர், மாடு பிடித்த கொண்டாட்டத்தில் அவரே கட்டிய பாட்டிலிருந்து வந்தது. தன்னைத் தானே புகழ்வது அங்கே அநாகரிகம் இல்லை என்பதையும் இதோடு குறித்துக்கொள்ளுங்கள்.

யொரூபாவில் பெயர்கள் மூன்று அடுக்காக வரும். ஒன்று, குழந்தைக்கே தனியாக வைக்கும் ஒரிகிப் பெயர்: ஆண் பிள்ளைக்கு அஜானி, அகான்னி, பெண் பிள்ளைக்கு அபெக்கே, அஷாக்கே என்பது போல. இரண்டு, ஆள் வளர வளரச் சேரும் தனி ஒரிகி. மூன்று, பூர்விக ஊரின் ஒரிகி. உதாரணத்துக்கு ஒஃப்பா என்ற ஊரைப் பூர்விகமாகக் கொண்டவர் எங்கே பிறந்து வளர்ந்திருந்தாலும் சரி, அவரைப் புகழ்பவர் மல்யுத்தத்தைத் தொடாமல் முடிக்க மாட்டார், ஏனென்றால் மல்யுத்தம்தான் ஒஃப்பாவின் சடங்கு என்பது யொரூபா நாடெங்கும் தெரிந்த வாக்கு. கேட்பவர் வாழ்க்கையில் ஒருநாள்கூடக் கோதாவில் இறங்கியிராத கணக்காளராக இருக்கலாம். பரவாயில்லை, நெஞ்சு நிமிரும். அந்த நிமிர்வுக்கு யொரூபாவில் ஒரு சொல்வழக்கே உண்டு: ‘தலை வீங்கியது’ என்பார்கள். நம்மூரில் ‘தலைக்கனம்’ என்றால் திட்டு. அங்கே அது பாராட்டு பலித்துவிட்டதற்கு அடையாளம்.

ராஜாக்களை விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தால் ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு குலச்சின்னம், பெரும்பாலும் ஒரு விலங்கு, அதற்கென்று புகழ்வரிகள். மனைவி கணவனுக்கோ, நண்பன் நண்பனுக்கோ மனமார நன்றி சொல்ல வேண்டும் என்றால் வெறும் ‘நன்றி’ போதாது, குலப்புகழ்ப் பெயரைச் சொல்லி நன்றி சொல்வார்கள். குரங்கைச் சின்னமாகக் கொண்ட சோகோ குலத்தாருக்கு ‘மைட்டா முகான்யா’. பாடகர் தாமஸ் மப்ஃபூமோவை ரசிகர்கள் முகான்யா என்று அழைப்பது இதனால்தான். சோறு போட்டதற்குக்கூட ஒருவருடைய மூதாதையை எழுப்பி நன்றி சொல்லலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

படி 4: மெட்டைத் தேடாதீர்கள்

‘பாட்டு’ என்று சொல்லிவிட்டுப் போட்டுக் கேட்டால் இசிபோங்கோவில் மெட்டு இருக்காது. இம்போங்கி மூச்சு விடாமல், உரத்த குரலில், முன்னும் பின்னும் நடந்தபடி கொட்டுவார். மூச்சு முடியும் இடத்தில் குரல் சரிந்து இறங்கும், அதுதான் அங்கே வரி முடிவு. கூட்டம் ‘முஷோ! முஷோ!’ என்று கத்தும். அவனைச் சொல், சொல் என்று பொருள். கத்துகிற கூட்டமும் பாட்டில் பாதி, அதை வெட்டிவிட்டு வந்த பதிவுகளைத் தவிருங்கள்.

யொரூபாவில் நேர்மாறு, மேளமே பேசும். டுண்டுன் என்ற இடை சிறுத்த மேளத்தை அக்குளில் இடுக்கி, பக்கவாட்டு வார்களை அழுத்தி, வளைந்த கோலால் அடிப்பார்கள். அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். யொரூபா சுருதியால் பொருள் மாறும் மொழி. ஒரே எழுத்துகளைச் சுருதி மாற்றிச் சொன்னால் கணவன் என்றும், மண்வெட்டி என்றும், வண்டி என்றும் ஆகும். மேளம் இந்தச் சுருதியை மட்டும் எடுத்துப் பேசுகிறது. உயிரும் மெய்யும் போய்விட்டால் குழப்பம் வராதா என்று கேட்கலாம், வரும். அதனால்தான் ஒற்றைச் சொல்லை அடிப்பதில்லை, ஊருக்கே மனப்பாடமான நீண்ட ஒரிகித் தொடரை அடிக்கிறார்கள். காது மீதியை நிரப்பிக்கொள்ளும். அரண்மனை வாசலில் யார் வருகிறார் என்பதை உள்ளே இருப்பவர்கள் மேளத்தைக் கேட்டே தெரிந்துகொள்வது இப்படித்தான்.

மாண்டேயில் கோரா கேட்பீர்கள். அரைச் சுரைக்காய்க் குடுக்கைமேல் மாட்டுத்தோல் போர்த்து, 21 தந்திகள். தூமானி ஜபாத்தே வாசித்ததில் தொடங்குங்கள், வேறு பரிந்துரை என்னிடம் இல்லை. வாசிப்பதில் பெரும்பாலும் ஆண்கள், புகழைக் குரலில் ஏற்றுவதில் பெண்கள். கீட்டா என்ற ஊரிலிருந்து வந்த காந்தியா குயாத்தேவுக்கு ‘ஆபத்தானவள்’ என்றே பட்டப்பெயர். அவர் புகழ ஆரம்பித்தால் கேட்பவர் தன்வசம் இழந்துவிடுவாராம்.

படி 5: குத்தல் எங்கே என்று பாருங்கள்

புகழ்ப்பாட்டில் குத்தல் இருக்கும். கொஞ்சமாவது இருக்கும்.

ஷாக்காவின் பாட்டிலேயே, வெயில் காய்ந்தபடி உட்கார்ந்திருந்த பெண்கள் சிலர், இவனாவது அரசாளுவதாவது என்று கேலி செய்ததும் இருக்கிறது, அந்தக் கேலிக்காரிகளின் ஊர்ப்பெயரோடு! அவமானத்தை மறைக்கவில்லை, அதன்மேல் ஏறி நிற்கிறார்கள்.

இதற்கு 400 ஆண்டுகளுக்குமேல் முந்தியே, 1352 வாக்கில், மொரோக்கோப் பயணி இப்னு பதூதா மாலி அரசன் மன்சா சுலைமானின் அவைக்குப் போயிருக்கிறார். திருநாள் அன்று பாடகர்கள் இறகாலான உடையும், சிவந்த அலகுள்ள பறவைத் தலையும் மாட்டிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. ஆனால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று விசாரித்து எழுதி வைத்திருக்கிறார்: நீ உட்கார்ந்திருக்கும் இந்த மேடையில் இன்னின்ன அரசன் உட்கார்ந்து இன்னின்ன நல்லது செய்தான், நீயும் பின்னால் சொல்லத் தகுந்தபடி ஏதாவது செய். இது புகழா, நோட்டீஸா?

1925இல் பிரிட்டிஷ் இளவரசர் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தபோது கோசாக் கவிஞர் எஸ். ஈ. கே. ம்காயி அவருக்குப் புகழ் பாடினார். பெரிய பிரிட்டனே என்று வானளாவ ஏற்றிவிட்டு, போதகரை அனுப்பினாய், கூடவே பிராந்தியையும் அனுப்பினாய், வேதத்தை அனுப்பினாய், துப்பாக்கியையும் பீரங்கியையும் அனுப்பினாய், நாங்கள் எதைத் தழுவிக்கொள்ள என்று கேட்டுவிட்டார். புகழ்ப்பாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததால் யாராலும் தடுக்க முடியவில்லை.

இதே ம்காயியை 1938இல் மாணவர் மண்டேலா தம் பள்ளியில் பார்த்திருக்கிறார். தோல் உடையும் ஈட்டியுமாக மேடையேறியவர் பேசும்போது ஈட்டி உயர்ந்து திரைக்கம்பியில் டங்கென்று இடித்தது. சற்று நின்று யோசித்தவர் அதையே பேச்சாக்கிவிட்டார்: ஈட்டி ஆப்பிரிக்கா, கம்பி ஐரோப்பா, இரண்டும் மோதத்தான் செய்யும். மனப்பாடத்துக்கும் உடனடிக் கற்பனைக்கும் நடுவே ஒரு இம்போங்கி எப்படி நடக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது.

படி 6: பணத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்

வீடியோ பார்த்தால் தெரியும், பாடுபவர்மேல் நோட்டு நோட்டாக விழும். நைஜீரியத் திருமணங்களில் நெற்றியில் ஒட்டுவார்கள், தலைக்குமேல் தூவுவார்கள். 2007 மத்திய வங்கிச் சட்டப்படி நைராவைத் தூவுவதும் மிதிப்பதும் குற்றம், குறைந்தது 6 மாதச் சிறையோ 50,000 நைரா அபராதமோ உண்டு. ஆனாலும் பழக்கம் போகவில்லை.

இதை டிப்ஸ் என்று எண்ணினால் தப்பு. மாண்டே கணக்கில் ஜெலிக்குக் கொடுப்பது கடமை. அவர் உன் குலத்தின் நினைவைச் சுமக்கிறார், உன் பெயரை உயரத் தூக்கினார், நீ சுருக்குப்பையை அவிழ்க்காவிட்டால் உன் கை இறுகல் அடுத்த ஊர்வரை போகும். கூலிக்காகக் கண்டபடி புகழ்கிறார்கள் என்று குறைப்படுபவர்கள் அந்த ஊர்களிலேயே நிறைய உண்டு. முறையாகக் கற்ற ஜெலிகளும் அதையே சொல்லிப் புலம்புவார்கள். ரெண்டும் உண்மைதான்.

படி 7: புதுப் பாட்டுகளிலும் தேடுங்கள்

கிட்டாரும் ஸ்பீக்கரும் வந்தபின் புகழ்ப்பாட்டு ஓய்ந்துவிடவில்லை, இன்னும் நீண்டது. நைஜீரியாவின் யொரூபாப் பாடகர்கள் கிங் சன்னி அடே, எபெனேசர் ஓபே ஆகியோரின் ஜூஜூ என்ற கிட்டார் இசையில் புரவலர்களின் பெயர்கள் வரிசையாக வரும். டுண்டுன் மேளம் நடுவில் புகுந்து வேறு பேசும்.

இதில் சங்கடமும் உண்டு. சாலிஃப் கெய்ட்டா 1978இல் பாடிய ‘மஞ்சு’, கினியின் அதிபர் செக்கு தூரேயைப் புகழ்வது. தூரே குலத்தாரின் புகழ்ப்பெயர்தான் மஞ்சு. அழகான பாட்டு, நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் அதே தூரேயின் போய்ரோ முகாம் சிறையில் ஆட்கள் பட்டினி போட்டே கொல்லப்பட்டார்கள். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச்செயலாளர் ஜாலோ தெலியும் 1977இல் அங்கேதான் செத்தார். கேட்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டையும் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

படி 8: ஒரு நண்பருக்குக் கட்டிப் பாருங்கள்

ஜூலு இளைஞர்கள் கூட்டத்தில் தனியாக ஆட இறங்கும்போது கூட்டாளிகள் அவனுக்கான புகழ்வரிகளைக் கத்துவார்கள். அரசனுக்கு மட்டுமா பெயர், குப்பன் சுப்பனுக்கும் உண்டு. அதனால் நீங்களும் முயன்று பார்க்கலாம். ஆனால் வேறொரு மக்களின் குலப்புகழை எடுத்து ஒட்டாதீர்கள், அது அவர்களுடைய முன்னோர். முறையை மட்டும் கடன் வாங்குங்கள்.

முதலில் ‘நல்லவன்’, ‘அன்பானவன்’ எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அவர் செய்த நாலு காரியங்களை எழுதுங்கள், ஒன்று அவரைக் கிண்டல் செய்வதாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் பெயராக்குங்கள், அதாவது ‘அவன் தாமதமாக வருவான்’ என்பதை ஒரு பொருளாகவோ ஒரு ஆளாகவோ மாற்றுங்கள். வீட்டையோ ஊரையோ ஒரு வரியில் கட்டுங்கள். என் கூட்டாளி ஒருவனுக்கு நான் கட்டியது இது:

கடைசிப் பேருந்து!
இனி வராது என்று எல்லோரும் நடக்கத் தொடங்கியபின் வரும் கடைசிப் பேருந்து,
வந்தால் ஒருவரையும் இறக்கிவிட்டுப் போகாத பேருந்து.
கடன் கேட்டால் காது மந்தமானவன்,
ரத்தம் வேண்டும் என்றபோது இரண்டு தெரு தள்ளியிருந்தும் கேட்டவன்.
அழ வந்த வீட்டில் அடுப்புப் பற்றவைத்தவன்,
கிணற்றடி வீட்டுக்காரியின் பேரன்,
கடைசிப் பேருந்து!

இதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் கட்டைவிரல் ஒன்று திரும்பி வரும், அவ்வளவுதான். நாலு பேர் இருக்கும்போது எழுந்து நின்று, மூச்சு விடாமல், சத்தமாகச் சொல்ல வேண்டும். கடன் விஷயம் என்ன, அழுத வீடு எது என்று யாராவது கேட்டால் விளக்காதீர்கள், அவரே அவனிடம் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். சொல்லி முடித்தபின் நண்பர் ஒரு டீகூட வாங்கித் தரவில்லை என்றால் படி 6ஐ அவருக்கு வாசித்துக் காட்டலாம்.